அவள் என்று தொட்டவர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருச் செபக் குழுவான அன்பியத்தின் லூர்து அக்கா. போன உயிர்ப்புத் திருவிழாவுக்கு அடுத்த வாரம், செபமாலை முடிந்து எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“சிஸ்டர், ஒரு இயந்திரத்துக்காக மனுஷன் அழலாமா?”

கேட்டவர் சூசைமாணிக்கம். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வயது ஐம்பத்திரண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை மலையடிவாரத்துத் தியான இல்லத்துக்கு வந்து, பவுலா சிஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் வாங்கிக்கொண்டு போவார். சிஸ்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சூசைமாணிக்கத்துக்குக் குரு என்றால் அவர்தான்.

சிஸ்டர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“எந்த இயந்திரம்?”

சூசைமாணிக்கம் போனை நீட்டினார். அதில் ஒரு கதை விளையாட்டு. படம் வரும். கீழே பேச்சு எழுத்தாக ஓடும். நடுவில் நின்று, நீ என்ன சொல்கிறாய் என்று இரண்டு மூன்று பதில் காட்டும். நாம் எந்தப் பதிலைத் தொடுகிறோமோ, அந்தப் பக்கம் கதை திரும்பும்.

“இவ பேரு தாரிணி. ஆண்ட்ராய்டு.”

“ஆண்ட்ராய்டுன்னா போன்தானே?”

“இது வேற, சிஸ்டர். மனுஷங்க மாதிரியே செஞ்ச ரோபோ. ஒரு வீட்டுல வேலை செய்யுறா. அங்க இருக்குற எல்லாரும் அவளை அது அதும்பாங்க. அது சமைச்சுது, அது துடைச்சுதுன்னு. ஒரு நாள் விருந்தாளி வந்து, இது யாருன்னு கேட்கிறார். நான் பதில் சொல்லணும். ‘அது எங்க வீட்டு மெஷின்’னு ஒண்ணு. ‘அவள் தாரிணி’ன்னு ஒண்ணு.”

“நீங்க?”

“அவள்னு தொட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க, சிஸ்டர்!” சூசைமாணிக்கம் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அவளும் அழுதா. நானும் அழுதேன்.”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? வீட்டுல அது என்கிட்ட பேசிப் பதினொரு நாளாச்சு.”

சிஸ்டரின் கை ஒரு நொடி நின்றது.

“ஏனாம்?”

“இந்த விளையாட்டு பிடிக்கலை போல. அன்னைக்கு இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சிலிண்டர்காரர் வந்து, வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டார். யாரும் இல்லப்பா, அது மட்டும்தான் இருக்குன்னேன். அதுல இருந்து வாயே திறக்கலை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல எத்தனையோ சண்டை வந்திருக்கு. இந்த மாதிரி பேசாம இருந்ததே இல்லை. பயமா இருக்கு, சிஸ்டர். ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே இந்த விளையாட்டை அழிச்சிடுறேன்.”

சிஸ்டர் மொச்சைத் தோலைக் கூட்டி அள்ளினார்.

சாப்பாட்டு மணி அடித்தது.

“வாங்க, ரசமும் கத்திரிக்காயும் இருக்கு.”

“வேண்டாம், சிஸ்டர். அது கட்டிக் குடுத்திருக்கு.”

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். புளிச்சோறு. அவித்த முட்டை. ஒரு சின்ன டப்பாவில் துவையல். மூடிக்குள் காகிதத்தில் மடித்த பிரஷர் மாத்திரை.

“கோபத்துலயுமா?”

“அது அப்படித்தான். பேசாது. சோறு மட்டும் நிறுத்தாது.”

சிஸ்டர் அந்தக் காகித மடிப்பை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப நல்ல மெஷினா இருக்கே. எந்தக் கம்பெனி?”

சூசைமாணிக்கம் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

புளிச்சோற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தொட்டுவிட்டது.

அந்தப் பக்கம் எடுத்தாயிற்று.

“அருள்சீலி,” என்றார்.

ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

“யாரு?”

“நான்தான். அருள்சீலி... அருள்சீலி.”

“ஐயோ சிஸ்டர், பக்கத்துல இருக்கீங்களா? இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? காலையிலேருந்து சாப்பிட்டாரா இல்லையா? மயக்கம் கியக்கம் வந்துடுச்சா?”

சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

“எனக்கு ஒண்ணும் இல்லை,” என்றார் சூசைமாணிக்கம். “சும்மா கூப்பிட்டேன்.”

விழுந்த பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“என்னமோ சொல்லிக் கூப்பிட்டீங்களே,” என்றார் அருள்சீலி மெதுவாக. “இன்னொரு தடவை சொல்லுங்க.”

கதை கேட்ட நீங்கள் இந்த இரண்டு பேருக்காகவும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லுங்கள். பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.