கரண்டி பிடித்தவருக்குக் கடைசி இலை

மரகதபுரி அரசவையில் புத்திசாலி என்று பெயர் எடுத்தவர் மாசிலாமணி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. மற்றவர்கள் சபையில் கண்ணை மூடித் தூங்குவார்கள், தான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதுதான் காரணம் என்று மனைவியிடம் சொல்வார். அந்தப் பெயருக்காகவே மன்னர் வீரகேசரி ஏரி மதகை ஒட்டி அவருக்கு நல்ல நஞ்சை நிலம் கொடுத்திருந்தார். பக்கத்து வயல் அமைச்சர் அகோரலிங்கத்துடையது. மதகைத் திறப்பதும் அடைப்பதும் இவர்கள் இருவர் சொற்படிதான்.

ஒருநாள் மன்னர் கடுகடுவென்று வந்தார்.

"நம் குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு செம்மண்பட்டி நாட்டுக்குப் போகிறார்களாமே! அவர்கள் ஏரி நம் ஏரியில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே குடிசையெல்லாம் ஓட்டு வீடாகிறது. இங்கே என்ன கேடு?"

அகோரலிங்கம் முந்திக்கொண்டார். "சோம்பல்தான் அரசே! வாய்க்கால் கோடியில் இருக்கும் கடைமடைக்காரர்களுக்கு உடம்பு வணங்குவதில்லை."

மன்னர் திருப்தியடையவில்லை. "மாசிலாமணி, நீர் போய்ப் பாரும். அமாவாசை விருந்துக்குள் காரணம் வரவேண்டும். இல்லாவிட்டால் மதகடி நிலம் உமக்கு இல்லை!"

செம்மண்பட்டியில் மாசிலாமணி கோயிலைப் பார்த்தார், சந்தையைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஏரிக்கரையில் மதகு திறந்துகொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க வயல் எதுங்க?"

"அதோ, பனைமரத்துக்கு அந்தாண்ட. மதகு எவன் கையிலோ, அவன் வயல் கடைசியில இருக்கணும். இது எங்க ஊர்க் கட்டுப்பாடுங்க. எல்லார் வயலும் நனைஞ்சாத்தான் என் வயலு நனையும். அப்புறம் வாய்க்காலைத் தூர் வாராம சும்மா இருப்பேனா?"

மாசிலாமணிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் சொல்லாவிட்டால் நிலம் போகும். சொன்னாலும் போகும்! யோசிக்காமல் சம்பாதித்த நிலத்தை யோசித்துத் தொலைக்கப்போகிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். காரணம் தெரியவில்லை என்று சொல்லி மன்னர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

திரும்பும் வழியில் மரகதபுரிக் கடைமடைப் பெண் ஒருத்தி தலையில் மூட்டையோடு எதிரே வந்தாள்.

"என்னங்க ஐயா, நீங்களும் பொழைக்கப் போய்ட்டு வர்றீங்களா? உங்க வயல்ல வாத்து நீந்துதுன்னு சொன்னாங்களே!"

கிண்டலாக அல்ல, நிஜமாகவே கேட்டாள். மாசிலாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அமாவாசை விருந்தில் பரிமாறும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கினார். மன்னரைக் கடைசி இலையில் உட்காரச் சொன்னார். "செம்மண்பட்டி ரகசியம் அந்த இலையில்தான் தெரியும் அரசே!"

பாயசம் வந்தது. மாசிலாமணி முதலில் தானே வயிறாரக் குடித்தார். பிறகு அகோரலிங்கம் "இன்னும், இன்னும்" என்று கேட்கக் கேட்க ஊற்றினார். மன்னரிடம் வந்தபோது காலிப் பாத்திரத்தில் கரண்டிதான் சுரண்டியது.

"எனக்குப் பாயசம் எங்கே?" மன்னர் கர்ஜித்தார்.

"கடைசி இலைக்காரருக்கு உடம்பு வணங்குவதில்லை போலிருக்கிறது, அரசே!"

அகோரலிங்கத்துக்குப் புரையேறியது. மாசிலாமணி அவசரமாக இன்னொரு பாத்திரத்தைக் கொண்டுவரச் செய்து, தன் இலையை மன்னருக்கும் அப்பால் போட்டுக்கொண்டார். இந்தமுறை பார்த்துப் பார்த்து ஊற்றினார். எல்லோருக்கும் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது.

"செம்மண்பட்டியில் மதகு பிடிக்கிறவர் வயல் கடைசியில் இருக்கிறது அரசே. இங்கே முதலில் இருக்கிறது. நம் நாட்டின் கேடு எது என்று ஊர் ஊராகத் தேடினேன். அது என் வயலிலும் அமைச்சர் வயலிலும்தான் இருந்தது."

மன்னர் பாயசத்தைக் குடித்து முடித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காரணம் சொன்னீர், நிலத்தைப் பறிக்கமாட்டேன். மாற்றித் தருகிறேன்! இனி மதகு உம்முடைய முழுப் பொறுப்பு. உமக்கும் அமைச்சருக்கும் நிலம் கடைமடையில். மதகடி நிலம் மூட்டை கட்டியவர்களுக்கு!"

வீட்டில் மனைவி ஆவலோடு ஓடிவந்தாள். "என்ன பரிசு கிடைச்சுது?"

மாசிலாமணி மண்வெட்டியைத் தேடி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"அதை ஏன் கேட்கிறே? இனிமே இந்த நாடு முன்னேறியே ஆகணும். இல்லேன்னா நமக்குச் சோறு கிடையாது!"