நாற்பத்தொன்றாம் கேள்வி

ரொம்ப காலத்துக்கு முந்தி, தேனாற்று நாட்டை நெடுஞ்சேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் மாலை போட்டவனை மத்தியானம் கழுதைமேல் ஏற்றுவான்.

அவன் சபையில் வித்தகராயர் என்று ஓர் ஓலை அதிகாரி. அரண்மனைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வாசலில் ஓர் ஓலையை நிரப்பித்தான் உள்ளே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அவர்தான். யானை விற்க வந்தாலும் ஊசி விற்க வந்தாலும் ஒரே ஓலை, நாற்பது கேள்வி. தாத்தா பேர் என்ன, வீட்டு வாசல் எந்தத் திசை, எத்தனை மாடு, அதில் எத்தனை கறவை! ஒரு கேள்வி விட்டுப்போனாலும் உள்ளே விட்ட வாசல் கணக்கனுக்குக் கை போகும் என்று மிரட்டியும் வைத்திருந்தார். ராஜாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், தன் பங்குக்கு நாற்பத்தொன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னான். என்ன கேள்வி என்பதை அன்று சாயங்காலமே மறந்தும் போனான்.

ஒரு பங்குனியில் ராஜாவின் ஒரே மகள் பூங்கோதை காய்ச்சலில் படுத்தாள். ஏழு வயசு. மலைநாட்டுப் பச்சிலைக்குத்தான் இது கேட்கும் என்றார்கள் வைத்தியர்கள். மலை வரைக்கும் முரசு அறைவித்தார்கள். ராஜா மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "யாராவது வந்தார்களா, யாராவது வந்தார்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. பிள்ளை போய்விட்டாள். ஐயோ, அந்த அழுகையை நான் என்னவென்று சொல்வேன்!

அழுகை ஓய்ந்ததும் கோபம் பிடித்துக்கொண்டது. "என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தாள், ஒரு மலைக்காரன்கூட எட்டிப்பார்க்கவில்லை. மலைப்பாதையைக் கல் வைத்து அடையுங்கள்! உப்பும் தானியமும் மேலே போகக்கூடாது. பட்டினி கிடந்து சாகட்டும்!"

"நியாயம் மகாராஜா. அமாவாசைக்குள் அடைத்துவிடலாம்" என்று வித்தகராயர் தலையாட்டினார்.

மந்திரி கூத்தபிரானுக்கு மனசு கேட்கவில்லை. மலைமேல் நானூறு குடும்பம். நிஜமாகவே ஒருத்தரும் வரவில்லையா? வாசல் கொட்டகையில் தள்ளுபடி ஓலைகள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து புரட்டினார். மூன்றாம் நாள் ஓர் ஓலையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியே நீட்டினால் ராஜா கோபத்தில் கிழித்துப்போடுவான். வாசலில் நின்று தானே பட்டால்தான் உறைக்கும் என்று ஓலையை மடியில் முடிந்துகொண்டார்.

மறுநாள் சபையில் மந்திரி எழுந்தார். "மகாராஜா, வெளியாட்களுக்கு இந்த ஓலை சரிப்படாது. என்னிடம் வேறு ஓலை இருக்கிறது. மூன்றே கேள்வி. நீ யார், என்ன காரியம், எத்தனை நாள் பொறுக்கும்."

"மூன்றா! மந்திரியாரே, இது அரண்மனையா, வெற்றிலைக் கடையா?" என்றார் வித்தகராயர். சபை சிரித்தது.

"எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றான் ராஜா.

"உள்ளே உட்கார்ந்தால் தெரியாது மகாராஜா. தேன் விற்கிறவர் மாதிரி வேஷம் போட்டு வாசலுக்கு வாருங்கள். ராயருடைய ஓலையை நிரப்பி உள்ளே வந்துவிட்டால் நான் பதவியை விட்டுப் போகிறேன். முடியாவிட்டால் நான் ஒன்று கேட்பேன், தர வேண்டும்."

வேஷம் என்றால் ராஜாவுக்கு உயிர். மகள் போனபிறகு அன்றைக்குத்தான் லேசாகச் சிரித்தான். தேன்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கணக்கன் கேட்கக் கேட்க நாற்பது கேள்விக்கும் சளைக்காமல் புளுகினான். நாற்பத்தொன்றாவது வந்தது.

"உமக்கு அரண்மனை முத்திரை எண் என்ன? ஏட்டில் பார்த்துச் சரிபார்க்கணும்."

"அது எங்கேய்யா கிடைக்கும்?"

"உள்ளே கொடுப்பாங்க."

"உள்ளே எப்படிப் போறது?"

"ஓலையை நிரப்பிட்டுப் போகணும்."

"எண் இல்லாம எப்படி நிரப்பறது?"

"அதை என்கிட்ட கேட்டா? எண் இல்லேன்னா தள்ளுபடி. நகரும் ஓய்!"

மூன்று தடவை வரிசையில் நின்றான், மூன்று தடவையும் தள்ளுபடி. உச்சி வெயிலில் தலைப்பாகையைக் கழற்றி எறிந்து, "எந்த மடையன்யா இந்தக் கேள்வியைப் போட்டது?" என்று கத்தினான். ராஜாவின் முகத்தைப் பார்த்த கணக்கன் காலில் விழுந்தான்.

சபைக்கு வந்ததும் ராஜா, "ராயரே, அந்த நாற்பத்தொன்றாம் கேள்வி யாருடைய மூளை?" என்றான்.

வித்தகராயர் எழுந்து கைகட்டி நின்றார். "மகாராஜா, அடியேன் போட்டது நாற்பதுதான். அது... தாங்கள் சேர்க்கச் சொன்னது."

ராஜாவின் முகம் சிறுத்துப்போனது. "மந்திரி, நீர் ஜெயித்துவிட்டீர். என்ன வேண்டும், கேளும்" என்றான்.

"ஓர் ஓலையை இந்தச் சபையில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று மந்திரி மடியை அவிழ்த்தார். "பேர், வெள்ளச்சி. ஊர், மலைநாடு. தாத்தா பேர் தெரியாது. மாடு இல்லை. கொண்டுவந்தது, காய்ச்சல் பச்சிலை ஒரு கூடை. யாருக்கு, ராஜா வீட்டுப் பிள்ளைக்கு. முத்திரை எண், இல்லை. பங்குனி நாலு, தள்ளுபடி. அஞ்சு, தள்ளுபடி. ஆறு, தள்ளுபடி. ஒன்பது வரைக்கும் தள்ளுபடி மகாராஜா."

பிள்ளை போனது பங்குனி பத்து.

"அந்த அம்மா எங்கே?" என்றான் ராஜா.

"சாவு மேளம் கேட்டதும் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, அழுதுகொண்டே போனாளாம். கணக்கன் சொன்னான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து தரையில் சரிந்தான். "வந்திருக்காளே! என் பிள்ளைக்காக வந்து வந்து நின்னிருக்காளே! நான்தானே வாசலை அடைச்சு வெச்சேன்!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான்.

மலைப்பாதையை அடைக்கவில்லை. அன்றைக்கே உப்பு மூட்டைகள் மேலே போயின. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது, அவர் ஒரு நாளும் அதைக் கழுத்தில் போடவில்லை. வித்தகராயரை வாசலில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் எழுந்து நின்று மூன்றே கேள்வி கேட்பதுதான் இனி அவர் வேலை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றது யார் தெரியுமா? கிரீடம் இல்லாமல், செருப்பு இல்லாமல், ராஜாவேதான்.

ராயர் பதறி எழுந்தார். "மகாராஜா, தாங்கள் எதற்கு..."

"கேளும் ஓய்."

"யார்?"

"பூங்கோதையோட அப்பா."

"என்ன காரியம்?"

வெள்ளச்சி வைத்துவிட்டுப் போன கூடையை ராஜா முன்னே நீட்டினான்.

"எத்தனை... எத்தனை நாள் பொறுக்கும்?"

"இனிமே எத்தனை நாள் ஆனா என்ன ராயரே" என்றான் ராஜா.

ராயர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.