பிள்ளைகளுக்கு ஒரே பந்தி

முன்னொரு காலத்தில் தாழையூர் நாட்டை வேழமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்குப் பிள்ளையில்லை. அந்தக் குறைக்கு ஏழு கிளிகளை வளர்த்தான். பறந்து போய்விடுமோ என்ற பயத்தில் அவற்றின் இறகை வெட்டி, அரண்மனைத் தோட்டத்தில் நடமாட விட்டிருந்தான்.

கிளிகளைப் பார்த்துக்கொண்டவள் குருவாத்தாள். தோட்டத்துக்கு வந்துவிட்டால் ராஜா அவளோடுதான் பொழுது போவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பான். அவைப்புலவர் வில்வநாதருக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். அவருடைய பாட்டு நாலாவது அடியைத் தொடுவதற்குள் ராஜாவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் புலவர் சபையில் எழுந்தார்.

"அரசே, தங்களுக்கா பிள்ளையில்லை? கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை! தமிழே இவற்றைப் பிள்ளை என்கிறதே. நாடு முழுக்கத் தங்கள் பிள்ளைகள் அல்லவா!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சட்டம் போட்டான். பிள்ளை என்று பெயருள்ள எந்த உயிரையும் விரட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, பழி சொல்லக்கூடாது. மீறினால் தலை போகும். புலவருக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் வேலியோரமாக ஒரு கீரி வந்தது. குருவாத்தாள் கம்பை எடுத்தாள். சட்டம் ஞாபகம் வந்து கீழே போட்டாள். கிளிகளைக் கூண்டில் அடைக்கவும் வழியில்லை, அவையும் பிள்ளைகளாயிற்றே! ஒன்றை அள்ளி மடியில் வைத்தால் இன்னொன்று இறங்கி ஓடியது. ஒன்பது நாளில் ஆறு கிளிகள் போயின. பவளம் என்ற குஞ்சு மட்டும் மிச்சம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அவள் அழுதாள்.

"இவள் பகலில் தூங்குகிறாள் அரசே" என்று புலவர் பற்றவைத்தார்.

ராஜா அவளைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னான். "என் கிளிகளைக் கொன்றது எது? பருந்தா?"

"பருந்துன்னா கால்ல இடுக்கித் தூக்கிட்டுப் போயிடும் மகாராசா. இங்க உடம்பு கெடக்குது."

"நரியா?"

"நரி பொழுது சாஞ்சாத்தான் வெளியே வரும். இது உச்சி வெயில்ல நடக்குது."

"பாம்பா?"

"பாம்பு முழுசா முழுங்கும். இது கழுத்தைக் கடிச்சுப் போட்டிருக்கு."

"அப்படியானால் எதுதான்?"

குருவாத்தாள் வாயைத் திறந்தாள், பழி சொன்னால் தலை போகும் என்று மூடிக்கொண்டாள். புலவர் மீசைக்குள் சிரித்தார். அவருக்கும் தெரியும், அவளால் சொல்ல முடியாது என்றும் தெரியும்.

"நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் உன் தலை உனக்கில்லை" என்றான் ராஜா.

சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு. அவள் கும்பிட்டாள்.

"ஒரே ஒரு ஆசை மகாராசா. நாளைக்கு உச்சிப்பொழுதுல உங்க பிள்ளைங்க எல்லாத்துக்கும் தோட்டத்துல ஒரே பந்தி வைக்கணும். நீங்களே பரிமாறணும். சபையும் வந்து பாக்கணும்."

ராஜா குதூகலித்தான். புலவருக்கு வியர்த்தது. "அரசே, அது அவ்வளவு உசிதமா..."

"ஏன் புலவரே, அவர்கள் உடன்பிறப்புகள் இல்லையா?"

"ஆ... ஆமாம், அரசே."

மறுநாள் மாமரத்தடியில் வாழையிலை விரித்தார்கள். பவளத்துக்கு மாம்பழம், அணில்களுக்கு ஊறவைத்த பயறு, கடைசி இலையில் ஒரு முட்டை. அணில்கள் வந்து உட்கார்ந்தன. ராஜா பூரித்துப் போனான். புல் சரசரத்தது. அணில்கள் ஒரே தாவலில் மரமேறின.

"ஏன் ஓடுகிறார்கள்?"

"பெரியண்ணன் வர்றாருல்ல, மரியாதை" என்றாள் குருவாத்தாள்.

கீரி வந்தது. முட்டையை உடைத்துக் குடித்தது. மூக்கை நக்கிக்கொண்டது.

"பார்த்தீர்களா அரசே, எத்தனை அடக்கம்!" என்றார் புலவர்.

கீரி இப்படியே திரும்பிப் போனால் குருவாத்தாளின் கதி அவ்வளவுதான். போகாவிட்டால் பவளத்தின் கதி? எதை வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

கீரி வயிற்றைத் தரையோடு தாழ்த்தியது. இலையிலிருந்து இலைக்கு நகர்ந்தது. பவளம் கீச்சிட்டு, வெட்டுப்பட்ட இறகை அடித்துக்கொண்டது. ஒரு சாண்கூட எழும்ப முடியவில்லை.

"சீ! போ! போ அந்தண்டை!" ராஜா பாய்ந்தான். கையிலிருந்த தட்டு பறந்தது, காலிலிருந்த மிதியடியும் பறந்தது. பவளத்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கீரி வேலிக்குள் மறைந்தது.

குருவாத்தாள் கைகூப்பினாள்.

"கொன்னது யாருன்னு நான் சொல்லலே மகாராசா. சட்டப்படி சொல்லக்கூடாது. ஆனா பிள்ளையை வெரட்டுனது யாருன்னு சபையே பாத்துச்சு."

ராஜாவின் கை தன் கழுத்தைத் தடவியது. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆறு பிள்ளைகளை என் சட்டமே கொன்றுவிட்டது" என்று விம்மினான். பிறகு திரும்பினான். "இது உமக்கு முன்பே தெரியுமா புலவரே?"

"பெயர்... இலக்கணப்படி..."

"முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடும். பவளத்துக்கு இறகு முளைக்கும்வரை உச்சிவெயிலில் கம்போடு இங்கே காவல் நிற்க வேண்டியது நீர்தான். பாட்டெல்லாம் வேண்டாம், கிளி தூங்கும்."

சட்டம் அங்கேயே ரத்தானது. ராஜாவுக்குப் படபடப்பு மட்டும் அடங்கவில்லை. "அந்தக் கீரியை என்ன செய்வது? கொன்றுவிடலாமா?"

"வேண்டாம் மகாராசா. அதுக்குப் பசி தெரியும். நம்ம சட்டம் தெரியாது."

"இனிமேல் அதை என்ன பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது?"

"கீரிப்பிள்ளைன்னே கூப்பிடுங்க" என்றாள் குருவாத்தாள். "கிளிக்கூண்டுக் கதவைச் சாத்திட்டுக் கூப்பிடுங்க."