தலையாட்டிய தாத்தா

தேரிவிளைக்காரர்களுக்கு வாயில் ஒரு சொல் தங்காது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பை அணைப்பதற்குள் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊர், ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் ஒன்பது வருஷமாகக் கட்டிக் காத்தது. டிசம்பர் மாதம் கோயில் பாட்டுக் குழு சுற்றி வருகிற கேரல் ரவுண்ட்ஸில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடியுமாக வீடு வீடாக ஆடிக்கொண்டு வருகிற கிறிஸ்மஸ் தாத்தா, மோட்டார் வைண்டிங் கடை ஆசீர்தான். பெரியவர்கள் ஒருவரும் இதைப் பிள்ளைகளிடம் மூச்சு விட்டதில்லை.

தாத்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கை கொடுக்கலாம், ஆடலாம், மிட்டாய் வீசலாம், யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டலாம். ஆசீர் தாராளமாக ஆட்டுவான்.

அந்தத் தலையாட்டல்தான் வினையாக வந்து முடிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எப்சிபா டீச்சர் வீட்டில் வகுப்பு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுப்பாள். ஆசீர் ஆறு வருஷமாக வருகிறான். வயதில் அவனுக்கு இரண்டு வருஷம் இளையவள்தான். ஆனாலும் அவள் முன்னால் உட்கார்ந்தால் இவனுக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மணி என்ன என்று கேட்டால்கூட, "எங்க போகணும்?" என்பாள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஆசீர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு துணிப்பை வைத்திருந்தான்.

"அது என்ன பை?" என்றாள் எப்சிபா.

"தாத்தா அங்கி, முகமூடி எல்லாம். இந்த வருஷம் வேற யாருக்காவது குடுத்திருங்க டீச்சர். என்னால முடியாது."

"கையைக் கழுவிட்டு அடுக்களைக்கு வாங்க. முந்திரிக்கொத்துக்கு உருட்டணும். உருட்டிக்கிட்டே சொல்லுங்க."

பயற்றமாவும் கருப்பட்டிப் பாகும் கலந்து தாம்பாளத்தில் குவிந்து கிடந்தது. ஆசீர் உட்கார்ந்து உருட்டினான். நாலாவது உருண்டையில் பேச்சு வந்தது.

"நேத்து சாயங்காலம் வீட்டு ஜெபம். எங்க பாப்பா ஜெபம் பண்ணுனா. அம்மாவுக்காக, சபை ஐயருக்காக, ஆட்டுக்குட்டிக்காக, எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. கடைசியில என்ன சொல்லி முடிச்சா தெரியுமா? 'கிறிஸ்மஸ் தாத்தாவின் நாமத்தில் ஜெபிக்கிறேன் நல்ல பிதாவே, ஆமென்'னு முடிச்சா."

எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"சிரிச்சிருங்க டீச்சர். நானும் முதல்ல சிரிச்சுட்டுத்தான், பாப்பா இயேசு நாமத்திலல்லா சொல்லணும்னேன். அதுக்கு அவ, 'அம்மா போன நாள்லேருந்து இயேசப்பாட்ட கேக்கேம்ப்பா. அவிய ஒண்ணுமே சொல்லல. தாத்தா போன வருஷமே தலையாட்டிட்டாவல்லா'ன்னா. எனக்கு உசிரே போச்சு."

ஆசீரின் மனைவி பியூலா மஸ்கட்டில் நர்ஸ். போய் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. மகள் ஜெமிமாவுக்கு ஏழு வயது. காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னுவது ஆசீர்தான். ஒரு சடை காதுக்கு மேலும் ஒரு சடை காதுக்குக் கீழும் நிற்கும். பிள்ளை அதோடேயே பள்ளிக்கூடம் போய்விடும், ஒரு குறை சொல்லாது.

"போன வருஷம் என்ன நடந்துது?" என்றாள் எப்சிபா.

"கேரல் எங்க வீட்டுக்கு வந்துது. நான் கடையில வேலையா இருக்கேன்னு அவளுக்கு நினைப்பு. தாத்தா கழுத்தைக் கட்டிப் பிடிச்சு, காதுல சொன்னா. அடுத்த கிறிஸ்மஸுக்கு எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்கன்னா. நான் என்ன செய்வேன்? வாயைத் திறக்க முடியாது. சுத்தி இருபது பேரு பாடுதாவ. தலையாட்டிட்டேன்."

"ம்."

"அதோட விடல. 'இதை எங்க அப்பாட்ட சொல்லிராதிய, அவிய அழுவாவ'ன்னா." ஆசீர் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "அதுக்கும் தலையாட்டினேன்."

எப்சிபா அவன் கையிலிருந்த உருண்டையை வாங்கித் தட்டில் வைத்தாள்.

"பியூலாவுக்கு லீவு?"

"போன வாரம் இல்லைன்னுட்டாவ. மே மாசம்தான். பிள்ளைகிட்ட சொல்ல எனக்கும் வாய் வரல, அவளுக்கும் வரல. பாப்பா இப்போ அம்மா தலையணைக்கு உறை மாத்தி வச்சிருக்கா. தினம் ஒரு தடவை தட்டி வைக்கா."

எப்சிபா அடுத்த பிடி மாவை எடுத்து உருட்டினாள்.

"ஒரு வழி யோசிச்சேன்," என்றான் ஆசீர். "புதுசா வேஷம் போடுதவன்கிட்ட சொல்லி, எங்க வீட்டு வாசல்ல வந்ததும் இல்லைன்னு தலையை ஆட்டச் சொல்லிருங்க. அதோட முடிஞ்சுரும்."

"இல்லைங்கதைச் சொல்லவும் தாத்தாதான் வரணுமா?"

ஆசீர் தலை குனிந்தான். பிறகு கேட்க வந்ததைக் கேட்டான்.

"உள்ளதைச் சொல்லிரலாம் டீச்சர். சொன்னா தாத்தா பொய்யின்னு ஆயிரும். தாத்தா பொய்யின்னா, இயேசப்பாவைப் பத்தி நான் சொன்னதும் அப்படித்தான்னு நினைச்சிர மாட்டாளா? அவரைப் பத்தியும் நான்தானே சொன்னேன்? சொல்லவா, வேண்டாமா?"

எப்சிபா எழுந்து கை கழுவினாள். துணிப்பையைத் திறந்து முகமூடியை எடுத்தாள். சிவந்த கன்னம், எந்நேரமும் சிரித்த வாய்.

"போடுங்க," என்றாள்.

"இப்பவா?"

"போடுங்க."

போட்டான். அவள் எதிரே உட்கார்ந்து, அவன் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள். "தாத்தா, பியூலா இல்லாம வீடு எப்படி இருக்கு?"

ஆசீர் தலையை ஆட்டப் போனான். எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை. மேலும் கீழும் ஆட்டினால் ஒரு பதில். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பதில். இந்தக் கேள்விக்கு இரண்டும் பதில் இல்லை. அப்படியே இருந்தான். முகமூடிக்குள் வேர்த்தது.

"கேக்கேம்லா. எப்படி இருக்கு?"

"தாத்தா பேசக் கூடாதே டீச்சர்."

"அப்போ பேசக்கூடியவர் யாரோ, அவரைப் பேசச் சொல்லுங்க."

ஆசீர் முகமூடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. சொல்ல ஆரம்பித்தான். சடை பின்னத் தெரியாததைச் சொன்னான். ராத்திரி மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குவதைச் சொன்னான். போனில் பியூலா சிரிக்கும்போது இவனும் சிரிப்பதையும், போனை வைத்ததும் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதையும் சொன்னான். பியூலா போன நாள் முதல் அவன் யாரிடமும் அவ்வளவு பேசினதில்லை. எப்சிபா கேட்டுக்கொண்டே மிச்ச மாவை உருட்டி முடித்தாள்.

"சரி," என்றாள். "வீட்டுக்குப் போங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"முகமூடியைக் கையில பிடிச்சுக்கிட்டு போங்க. தெருவுல வேண்டாம், ஊர்ப் பிள்ளைகளோட கிறிஸ்மஸை நாம ஏன் கெடுக்கணும்? உங்க வீட்டு வாசல்ல எடுத்தா போதும்."

ஆசீர் போனான். வாசல் வரைக்கும் பைக்குள் வைத்திருந்தான். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, எடுத்துக் கையில் பிடித்தான்.

ஜெமிமா படியில் உட்கார்ந்திருந்தாள். பியூலாவின் பழைய செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தாள்.

"அது தாத்தா மூஞ்சில்லா?" என்றாள். "எங்க கெடந்துது?"

"கெடக்கல பாப்பா. எங்கிட்டதான் இருக்கு. ஒம்போது வருஷமா."

பிள்ளை எழுந்து வந்தது. முகமூடியை வாங்கி அவன் முகத்தில் பொருத்திப் பார்த்தது. எடுத்தது. மறுபடி பொருத்தி, கண் ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தது.

"அப்போ நான் காதுல சொன்னது?"

"எனக்குத்தான் கேட்டுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அம்மா வருவாவளா?"

"இந்தக் கிறிஸ்மஸுக்கு வர மாட்டாவ. லீவு கெடைக்கல. மே மாசம் வருவாவ. முடியாததுக்குத் தலையாட்டிட்டேன் பாப்பா. தப்பு அப்பா மேலதான்."

ஜெமிமா முகமூடியைக் கீழே போட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. ஆசீர் கதவைத் தட்டவில்லை. படியில், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டான்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் கதவு திறந்தது.

"அழுதியளா?" என்றாள் ஜெமிமா.

"ஆமா."

"நானுந்தான்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. எப்சிபா ஞாயிறு பள்ளிப் பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆசீர் வந்து நின்றான்.

"சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன். சாயங்காலம் ஜெபத்துக்கு உக்காந்தோம். நான் எதுக்குப் பயந்தேனோ அதையே கேட்டுட்டா டீச்சர்."

"என்ன கேட்டா?"

"அப்போ இயேசப்பாவும் நீங்கதானான்னு கேட்டா."

புத்தகம் அடுக்கிய கை நின்றது. அவள் எவ்வளவோ கேள்வி கேட்டு ஆசீர் பார்த்திருக்கிறான். பதில் என்னவோ என்று அவள் தவிப்பதை அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன சொன்னிய?"

"இல்லைன்னேன். அவிய வேற, அப்பா வேற. நானும் அவியகிட்டதான் அம்மாவைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்னேன்."

"அதுக்கு?"

"உங்களுக்காவது தலையாட்டுனாவளான்னா."

"என்ன சொன்னிய?"

"இன்னும் இல்லைன்னேன். வேற என்ன சொல்ல? உள்ளது அதுதானே? அவ தன்னோட பாயை இழுத்து எம் பக்கத்துல போட்டுக்கிட்டு, அப்போ சேந்தே கேப்போம்ப்பான்னு முட்டி போட்டா."

எப்சிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். மறைக்கவெல்லாம் இல்லை.

"அங்கியை யாருக்குக் குடுக்கப் போறிய?" என்றாள்.

"அதுலயும் அவ சட்டம் போட்டுட்டா. நீங்களே போடுங்க, மத்த வீட்டுப் பிள்ளைய பாவம்லாங்கா. மிட்டாய்ப் பையை அவதான் பிடிப்பாளாம். யாராவது காதுல ஏதாவது கேட்டா, தலையை மட்டும் ஆட்டிராதியன்னு சொல்லியிருக்கா. கேக்குத பிள்ளையோட அப்பா அம்மா நிக்குத பக்கமா கையைக் காட்டணுமாம்."

எப்சிபா வாய்விட்டுச் சிரித்தாள். கோயிலுக்குள் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. மணி அடிக்கிற தேவபிச்சை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆசீரும் சிரித்தான். ஆனால் போகாமல் நின்றான்.

"இன்னும் என்ன?"

"எல்லாம் சரிதான் டீச்சர். ஒண்ணுதான் நெஞ்சுல கெடந்து அறுக்குது. பெத்த பிள்ளையை ஒரு வருஷம் ஏமாத்தியிருக்கேன். இனிமே நான் சொல்லுத எதையாவது அவ நம்புவாளா?"

எப்சிபா கடைசிப் புத்தகத்தை வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

"இயேசப்பாவும் நீங்கதானான்னு யார்கிட்ட கேட்டா?"

"எங்கிட்டதான்."

"தான் நம்பாத ஒருத்தர்கிட்டப் போயி அதை யாராவது கேப்பாவளா, ஆசீர்?"