மல்லப்பர் வீட்டு விருந்தாளிகள்

செண்பகராயர் தங்கமான ராஜா. ஒரே ஒரு கெட்ட பழக்கம். மனசு குளிர்ந்துவிட்டால் போதும், "கேள், தந்தேன்!" என்று வாயை விட்டுவிடுவார். அன்றைக்கும் அதுதான் நடந்தது. எல்லையில் வாலாட்டிய பகைவனை அடித்து விரட்டிவிட்டு, படைத்தலைவரான தளவாய் மல்லப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்குள் வந்தார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன வேண்டுமோ கேளும் மல்லப்பரே! கொடுத்தேன்!"

"புது மாளிகை கட்டப்போகிறேன் மகாராஜா. தூணுக்கும் உத்தரத்துக்கும் மரம் வேண்டும். சேவகன்காட்டைக் கொடுங்கள்."



சேவகன்காடு என்றால் சும்மா நாலு மரமா? இடிந்த மண்கோட்டையைச் சுற்றி மருதமும் இலுப்பையும் வேங்கையுமாக மண்டிக்கிடக்கிற காடு அது. எந்தக் காலத்திலோ ஊர் மாடுகளை ஓட்டிப்போக வந்தவர்களோடு மல்லுக்கட்டி மாண்ட வீரர்களின் நடுகற்கள் அங்கே மரத்தடியில் நிற்கின்றன. மழைத்தண்ணீர் அந்தக் காட்டில் தங்கி, மெள்ள இறங்கித்தான் கீழே ஏரி நிறையும். காடு போனால் ஏரி போச்சு. ஏரி போனால் ஊரே போச்சு.

ராஜாவுக்கும் இது தெரியும். ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? பாவம், அரண்மனை விகடகவி குத்தாலத்தைத் திரும்பிப் பார்த்தார். குத்தாலம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் குத்தாலத்தின் வீட்டு வாசலில் வெள்ளச்சி வந்து நின்றாள். சேவகன்காட்டு நடுகற்களுக்கு விளக்கேற்றுகிறவள் அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க பாட்டன் பூட்டன் நிக்கிற இடம் ஐயா. அவங்க தலைமேல கோடாலிச் சத்தம் கேக்கணுமா? ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குத்தாலம் அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னான். "ராஜா கொடுத்ததை ராஜா திரும்ப வாங்க முடியாதம்மா. அந்த மல்லப்பரே வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு."

"அவரா? நல்லாச் சொல்லுவாரு!"

"சரி, அது கிடக்கட்டும். உங்கள் பக்கத்தில் மரம் வெட்டுவதற்கு முன்னால் என்னவோ கேட்பீர்களாமே?"

"ஆமாய்யா. பாலும் பச்சரிசியும் வச்சு மரத்துக்கிட்ட உத்தரவு கேப்போம். 'இதுல குடியிருக்கிற உசுருகளே, இத விட்டுட்டு இன்ன இடத்துக்குப் போயிடுங்க'ன்னு சொல்லணும். போக்கிடம் சொல்லாம வெரட்டுனா பாவம். இடம் குடுத்தவன், வந்ததை அடிச்சு வெரட்டவும் கூடாது. இதச் செய்யாம எந்த வெட்டுக்காரனும் மரத்துல கை வைக்க மாட்டான்."

குத்தாலம் துள்ளி எழுந்தான். "அடி சக்கை! நாளைக்குச் சபைக்கு வா. இதையே அங்கேயும் சொல்." பிறகு குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னான். அழுதுகொண்டு வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் சபையில் வெள்ளச்சி வழக்கத்தைச் சொன்னாள். வெட்டுக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மல்லப்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவ்வளவுதானா? குரங்குக்கும் குருவிக்கும் போக்கிடம் வேண்டுமா? என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்! ராஜோபசாரம் செய்கிறேன்!"

குத்தாலம் பணிவாகக் கும்பிட்டான். "வந்தால் விரட்ட மாட்டீர்களே?"

"விரட்ட மாட்டேன். வரட்டுமையா, பார்க்கலாம்!"

"மகாராஜா சாட்சி" என்றான் குத்தாலம்.

காட்டில் பாலும் பச்சரிசியும் வைத்தார்கள். வெள்ளச்சி கைகூப்பி, மல்லப்பர் வீட்டுக்கு அடையாளம் சொல்லி, எல்லாரும் அங்கே போய்ச் சுகமாக இருங்கள் என்று வேண்டிக்கொண்டாள். மல்லப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் சிரிப்பு நின்றது.

முதலில் கூரைமேல் ஒரு குரங்கு வந்தது. அப்புறம் அதன் பெண்டாட்டி பிள்ளை, மாமன் மச்சான் எல்லாம் வந்தன. கூரையில் ஓடு மிஞ்சவில்லை. அடுப்பிலிருந்த சோறு தாழ்வாரத்துக்குப் போனது, தாழ்வாரத்திலிருந்த விளக்கு கிணற்றுக்குப் போனது. மல்லப்பரின் பட்டுத் தலைப்பாகை முருங்கை மரத்தில் தொங்கியது. பகைவன் படையைப் பார்த்து அசராதவர் கட்டிலடியில் புகுந்துகொண்டார். கம்பை எடுக்கலாம் என்றால் ராஜா சாட்சி. மல்லப்பரின் மனைவியோ, "நீங்கள் கூப்பிட்ட விருந்தாளிகள், நீங்களே சமைத்துப் போடுங்கள்" என்று பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மல்லப்பர் எப்படியோ தப்பித்து, தலைவிரி கோலமாகச் சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராஜா! அவற்றைப் போகச் சொல்லுங்கள்!"

"நான் எப்படிச் சொல்வது? இடம் கொடுத்தது நீர்தானே?" என்றார் ராஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

குத்தாலம் முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டான். "போகச் சொல்லலாம் தளவாயரே. ஆனால் எங்கே போகச் சொல்வது? வீடு இருந்தால்தானே?"

"காடே வேண்டாமையா! காட்டை அந்த ஊருக்கே விட்டுவிட்டேன். ஒரு சுள்ளிகூட எனக்கு வேண்டாம்!"

ராஜா அந்த இடத்திலேயே கல்தச்சரை வரவழைத்து, சேவகன்காட்டில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது என்று கல்லில் வெட்டச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மல்லப்பர் வீட்டுக் கூரை காலியாகிவிட்டது. வெள்ளச்சி நடுகற்களுக்கு விளக்கேற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பாட்டம் அழுதாள்.

அன்று இரவு ராஜா குத்தாலத்தைத் தனியே கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லடா. குரங்குக்கு மனுஷப் பேச்சு புரியுமா?"

"புரியாது மகாராஜா. வாழைப்பழம் புரியும். காட்டிலிருந்து தளவாய் வீட்டுக் கூரைவரைக்கும் வெள்ளச்சி ஊர்க்காரர்கள் வழிநெடுகப் போட்டுக்கொண்டே போனார்கள். திரும்பி வருவதற்கும் அப்படியே."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "பலே ஆள்! ஆனால் ஒன்று. கல்தச்சர் இன்னும் உளியை எடுக்கவில்லை. அத்தனை நல்ல மரத்தில் நானே ஒரு வசந்தமண்டபம் கட்டிக்கொண்டால் என்ன?"

"தாராளமாகக் கட்டலாம்" என்றான் குத்தாலம், கைகட்டிக்கொண்டு. "ஊர்க்காரர்களுக்கும் இந்தத் தடவை வேலை சுலபம். தளவாய் வீட்டைவிட அரண்மனைதான் காட்டுக்குக் கிட்ட, மகாராஜா."