வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

மடம் நடத்தும் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கோமதிநாயகம் ஒரே தாளைத் தூக்கிக்கொண்டு மடத்தின் தலைவரான அடிகளிடம் வந்தது அது நான்காவது தடவை. அடிகளிடம் தீட்சை பெற்றவர்தான். ஆனால் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர்.

தாளில் இருந்தது புதிய கால அட்டவணை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஓவியம் என்பதை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு ஓவியம் என்று இருந்தது வாரத்தில் அந்த நாற்பது நிமிடம்தான். அடிகள் கையெழுத்துப் போட்டால் அதுவும் இல்லை.

அடிகள் தாளைப் பார்க்கவில்லை.

“மறுபடியுமா, ஹெச்செம்?”

“ஓவியத்தை எடுத்துடணும், சாமி.”

காரணங்களை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு அவர்தான். பாதிப் பேருக்கு வகுத்தல் வரவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். மே மாதம் ஓய்வு. இந்தக் கறையோடு வீட்டுக்குப் போக முடியாது. ஓவியம் போனால் யாருக்கு என்ன நட்டம்?

அடிகள் உச்சுக் கொட்டினார். போன மூன்று தடவையும் இதே வரிசையில் இதையேதான் கேட்டிருந்தார். தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, பேனாவோடு அவரிடமே நீட்டினார்.

“நம்ம பள்ளிக்கூடத்தை வரையும்.”

“நானா, சாமி?”

“இங்க வேற யாரு இருக்கா?”

கோமதிநாயகத்துக்கு எரிச்சல்தான். ஆனாலும் குருவின் சொல். உட்கார்ந்து வேகமாக வரைந்தார். முதலில் இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. வீட்டின் நெற்றியில் பள்ளியின் பெயரை அழகாக எழுதினார்.

பள்ளி இருப்பது கடற்கரையில். காங்கிரீட் கட்டடம். அந்தப் பக்கத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது.

“அங்க எத்தனை வருஷமா இருக்கீரு?”

“இருபத்திரண்டு, சாமி.”

“கடல் எங்கவே?”

கோமதிநாயகம் தாளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“பின்னால இருக்கு, சாமி. மலைக்குப் பின்னால.”

அடிகள் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைமை ஆசிரியர் விடவில்லை. அதைத்தான் தானும் சொல்வதாகச் சொன்னார். சிறுவயதில் ஐந்து வருடம் ஓவியப் பீரியடில் உட்கார்ந்து தான் கற்றது இந்த மலையைத்தான். இன்றைக்கு நம் பிள்ளைகள் போடுவதும் இதே மலைதான். இதற்கா வாரம் ஒரு பீரியட்?

“உமக்கு யாரு ஓவியம் எடுத்தது?”

“தனியா ஆள் கிடையாது, சாமி. கணக்கு வாத்தியார்தான். போர்டுல இந்த மலையைப் போட்டுட்டு, சத்தம் போடாம பார்த்து வரையச் சொல்வாரு. அவரு நோட்டுத் திருத்துவாரு.”

“நம்ம பிள்ளைகளுக்கு?”

கோமதிநாயகம் பேனாவை மூடினார்.

“நான்தான், சாமி.”

“நோட்டு?”

“திருத்துவேன்.”

அடிகள் தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினார்.

“எடுக்கணும் எடுக்கணும்னு நாலு தடவை வந்துட்டீரு. ஒரு வெள்ளிக்கிழமையாவது ஓவியம் எடுத்தீராவே?”