ஒத்துப்போனால் தலை போகும்

அனந்தசிங்க மகாராஜாவின் நாட்டில் தேர்ப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அச்சு எவ்வளவு நீளம், சக்கரம் எவ்வளவு உயரம் என்று கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எந்தப் பட்டறைச் சக்கரமும் எந்தத் தேருக்கும் பொருந்தும். கோளப்ப மந்திரிக்கு இது வயிற்றெரிச்சல். அவருடைய மைத்துனனும் பட்டறை வைத்திருந்தான். சக்கரம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும் என்று சங்கம் அடம்பிடித்தது. மைத்துனன் கைக்கோ வட்டம் வரவே வராது.

மந்திரி ராஜாவின் காதைக் கடித்தார். "மகாராஜா, இத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள் என்றால் அது சதிதான். நானும் என் மனைவியுமே ஒத்துப்போவதில்லை!"

மகாராஜாவுக்குச் சுருக்கென்றது. "சங்கம் ஒழிந்தது! இனித் தேர் விஷயத்தில் ஒத்துப்போனால் தலை போகும்!" என்று முரசறைந்துவிட்டார்.

சங்கத் தலைவர் ஆவுடை ஆசாரி, அவை விகடன் சாத்தப்பனிடம் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாமனார் வீட்டு விருந்துக்குப் போக ராஜா புதுத் தேர் கேட்கிறார், சாத்தப்பரே! இடச் சக்கரம் என் பட்டறை, வலச் சக்கரம் இன்னொரு பட்டறை. அளவு பேசிச் செய்தால் தலை போகும். பேசாமல் செய்தால் ராஜா கவிழ்வார், அப்போதும் தலை போகும். எனக்கு இருப்பதோ ஒன்று!"

சாத்தப்பனுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. "உத்தரவை அட்சரம் பிசகாமல் செய்யும். மிச்சம் என் பாடு."

விருந்து நாளன்று தேர் வந்தது. இடச் சக்கரம் ஆளுயரம். வலச் சக்கரம் முறம் அளவு. மகாராஜா ஆசையாக ஏறி, சரிந்து உட்கார்ந்து, தாமே சவுக்கைச் சொடுக்கினார். தேர் அரண்மனை வாசலையே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் பிரதட்சணம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"யாரங்கே! நேராகப் போகவிடுங்கள்! அங்கே அதிரசம் ஆறுகிறது!"

சாத்தப்பன் தேரோடு கூடவே ஓடினான். "நேராகப் போக வேண்டுமானால் இரண்டு சக்கரமும் ஒத்துப்போக வேண்டும், மகாராஜா. ஒத்துப்போனால் தலை போகும் என்பது தங்கள் உத்தரவு!"

"மூடனே! சக்கரத்துக்கு ஏது தலை?"

"அதுதான் என் கவலையும். இந்தத் தேரில் இருப்பது தங்கள் தலை ஒன்றுதானே!"

மகாராஜா தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சங்கம் பிழைத்தது, ஆசாரியின் தலையும் பிழைத்தது. சாத்தப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. மந்திரிக்கு அந்தத் தேரே பரிசு. "இதிலேயே வீட்டுக்குப் போம்!" என்றார் மகாராஜா.

மந்திரியின் வீடு அடுத்த தெருதான். இன்னும் போய்ச் சேரவில்லை.